பிரிந்து போனவர்களின் நியாயம்

ஒருவனுக்கு அநீதி இழைக்கப்படுகிறது. அவன் முறையிடுகிறான், கேட்பாரில்லை. மறுபடியும் முறையிடுகிறான், பதில் இல்லை. அதன் பின் அவன் வீட்டை விட்டு வெளியேறினால் குற்றம் யாருடையது? வெளியேறியவனுடையதா, அவன் குரலைக் கேட்காதிருந்தவனுடையதா? குடும்ப வழக்காக இருந்தால் இரு பக்கத்தாரையும் கூப்பிட்டு இருத்தி ஏதோ ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவோம். வெளியேறியவர்கள் பங்கு மக்களாகவும், அவர்கள் விட்டுச் சென்ற வீடு திருச்சபையாகவும் இருந்தால் என்ன சொல்வது?

இக்கேள்வியை ஆராய நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில் புதுக்கடை இருக்கிறது. ஒல்லாந்தர் இட்ட ஹல்ஸ்டோர்ப் என்ற பெயரை நம்மவர்கள் புதுக்கடை ஆக்கிவிட்டார்கள். காணி வழக்கென்றும் கடன் வழக்கென்றும் அங்கே போய் வராத கொழும்புக் குடும்பம் அருமை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் புதுக்கடையில், நல்மரண மாதாவின் பெயரைக் கொண்ட ஓர் ஆலயத்தில், உரோமாபுரியிலிருந்து விலகிய ஒரு தனிச்சபை வேரூன்றியதை அறிந்தவர்கள் சிலரே. ‘இலங்கை, கோவா, இந்திய சுயாதீன கத்தோலிக்க திருச்சபை’ என்று அது தன்னை அழைத்துக்கொண்டது. அதற்கு ஆயரைக் கொடுத்தது மலையாள நாட்டின் சிரியன் ஓர்த்தடொக்ஸ் திருச்சபை. உரோமைப் பூசையையும் மாதா பக்தியையும் கைவிடாமல், அந்தியோக்கியாவின் பிதாப்பிதாவைத் தலைவராக ஏற்ற விநோதமான சபை அது.

இப்படி ஒன்று ஏன் நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள இன்னும் இருநூறு வருடம் பின்னோக்கிப் போகவேண்டும்.

கோவைச் சுவாமிமார்

1658ஆம் ஆண்டுடன் போர்த்துக்கேயரின் ஆட்சி இலங்கையில் முடிந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்தார்கள். குருவானவரை வீட்டில் மறைத்து வைப்பதும் பெருங்குற்றமாயிற்று. கோவில்கள் பறிபோயின, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அந்த இருளில் 1687இல் கூலியாளைப்போல் வேடமிட்டு யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியவர் புனித யோசேவாஸ் அடிகளார். கோவாவைச் சேர்ந்தவர், நம்மைப்போன்ற நிறத்தவர். அவருக்குப் பின் வந்த ஒறற்றோரியன் சபைக் குருக்களும் கோவாக்காரர்களே. அவர்களுள் ஒருவரான யாகோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்களை வைத்துக்கொண்டு, குருவில்லாத கிராமங்களிலும் மக்கள் செபம் சொல்லி வாழ்ந்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கும் வரையில் நம் முன்னோரின் விசுவாசத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் ‘கோவைச் சுவாமிமார்’ என்று அவர்கள் அன்புடன் அழைத்த இந்தக் குருக்கள்தாம்.

இவர்கள் வந்தது ‘பதுருவாதோ’ என்னும் ஞானாதரவு உரிமையின் நிழலில். கீழைத்தேசங்களில் ஆயர்களை நியமனத்துக்கு முன்மொழியும் உரிமையையும், குருக்களை அனுப்பிக் கோவில்களைப் பராமரிக்கும் கடமையையும் பாப்பரசர்கள் போர்த்துக்கல் அரசருக்கு வழங்கியிருந்தார்கள். காலப்போக்கில் போர்த்துக்கல் மெலிந்தது. நாடுகள் கைவிட்டுப் போயின. உரிமை மட்டும் காகிதத்தில் இருந்தது. 1622இல் உரோமை ஏற்படுத்திய விசுவாசப் பரப்புதல் பேராயம் தன் சொந்தப் பிரதிநிதிகளை அனுப்பத் தொடங்கிற்று. இவ்விதம் ஒரே நிலப்பரப்பின் மேல் இரண்டு அதிகாரங்கள். ஒரு பங்கின் மக்கள் யாரை ஆயர் என்று ஏற்பது என்ற தகராறு இந்தியாவிலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக நீடித்தது.

1834இல் இலங்கை கொச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி விக்காரியேற்று ஆயிற்று. அதன் முதல் தலைவராக வந்தவர் கோவா ஒறற்றோரியனான விசென்தே தோ றொசாரியோ ஆண்டகை. அவருக்குப் பின் வந்த கயித்தானோ அந்தோனியோ ஆண்டகையும் கோவாக்காரரே. 1857இல் இவர் இறந்ததோடு அந்த வரிசை அறுந்தது. 1842 முதல் ஐரோப்பியக் குருக்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். 1847இல் அமலமரித் தியாகிகள் வந்தார்கள். அதன் பின் ஏறத்தாழ எண்பது வருடம் இந்நாட்டில் ஆயர் என்றால் ஐரோப்பியர் என்பதே நியதி.

இங்கே நியாயமாகப் பேசவேண்டும். ஐரோப்பிய மிசனரிமார் கொண்டுவந்த நன்மைகளை மறுப்பவன் நன்றி கெட்டவன். நம் பிள்ளைகள் படித்த பாடசாலைகளும் கன்னியர் மடங்களும் அச்சுக்கூடங்களும் அவர்களுடைய உழைப்பு. யாழ்ப்பாணத்திலும் பின்பு கொழும்பிலும் ஆயராக இருந்த பொஞ்ஜீன் ஆண்டகை தமிழ் கற்றவர். கத்தோலிக்க பாடசாலைகளுக்காக அரசாங்கத்தோடு ஓயாமல் வாதாடியவர். 1876இல் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க பத்திரிகை தோன்றக் காரணமானவர். ஆனால் கோவைக் குருக்கள் படிப்புக் குறைந்தவர்கள், சோம்பேறிகள், பழைய வழக்கத்தில் ஊறியவர்கள் என்ற பேச்சும் அக்காலத்தில் தாராளமாக நடமாடியது. அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். இளைத்துப்போன ஒரு மிசன் எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஆயினும் உயிரைப் பணயம் வைத்து விசுவாசத்தைக் காத்தவர்களின் வழிவந்தோரை நேற்று வந்தவர் குறைத்துப் பேசும்போது கேட்டிருப்பவர்களுக்கு வலிக்காதா? அந்தப் பேச்சில் நிறமும் கலந்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

யாரையும் கேளாமல் செய்த ஒப்பந்தம்

1886ஆம் ஆண்டு யூன் 23ஆம் திகதி, பாப்பரசர் 13ஆம் சிங்கராயருக்கும் போர்த்துக்கல் அரசர் லூயிசுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவில் பதுருவாதோவின் எல்லைகள் சுருக்கி வரையறுக்கப்பட்டன. அதே வருடம் செப்டெம்பரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நிரந்தரத் திருமறை ஆட்சிமுறை ஏற்படுத்தப்பட்டது. இலங்கையில் கோவைக் குருக்களிடம் எஞ்சியிருந்த சில ஆலயங்கள் இந்நாட்டு ஆயர்களின் கீழ் வந்தன. கொழும்பு உயர் மறைமாவட்டமாயிற்று. பொஞ்ஜீன் ஆண்டகை அதன் முதல் பேராயர்.

ஆட்சிமுறை என்று பார்த்தால் இது சரியான காரியம். ஒரு மந்தைக்கு ஒரு மேய்ப்பன் என்பதே ஆதித் திருச்சபையின் ஒழுங்கு. ஓர் அரசரின் பழைய உரிமைக்காக ஒரு தீவின் கத்தோலிக்கர் இரண்டாகப் பிளந்து நிற்பதை எந்தப் பாப்பரசரும் என்றென்றைக்கும் அனுமதிக்க முடியாது. ஆனால் புதுக்கடை மக்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். அவர்களுடைய பாட்டனாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் கோவைச் சுவாமிமார். கோவிலைக் கட்டியதும் திருநாட்களை நடத்தியதும் அவர்களுடைய குடும்பங்களின் கைப்பணம். ஒரு நாள், கண்டறியாத இரண்டு மனிதர் ஐரோப்பாவில் கையெழுத்திட்ட ஒரு பத்திரத்தால், கோவிலும் குருவும் தாங்களும் கைமாற்றப்பட்டதாக அவர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. காணி விற்கும்போது அதில் குடியிருப்பவனை ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். அதுகூட இங்கே இல்லை.

அவர்கள் கூட்டம் கூடினார்கள். பாப்பரசருக்கும் அரசருக்கும் விண்ணப்பம் செய்தார்கள். மன்னார்ப் பகுதியிலும் இதே மனக்கசப்பு எழுந்தது. கொழும்பில் இவ்வியக்கத்தின் தலைவராக நின்றவர் கோவாவில் பிறந்து இங்கே வைத்தியம் செய்துவந்த லிஸ்போவா பின்ரோ என்ற டாக்டர். சாதாரண மனிதரல்லர் இவர். 1893இல் கொழும்பில் கேவ் கம்பனி அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்நாட்டின் முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரகாரர் குறிப்பிடும் அச்சுத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. மேலிடத்தில் கேட்பாரில்லாதவர்களின் பக்கம் நிற்பது அவருடைய சுபாவம் போலும்.

விண்ணப்பங்களால் ஒன்றும் ஆகவில்லை. 1888இல் அவர்கள் பிரிந்தார்கள்.

தங்களுக்கு ஓர் ஆயர் வேண்டும் என்றபோது அவர்கள் நாடியது அந்தோனியோ பிரான்சிஸ்கோ சவேரியோ அல்வாரெஸ் என்ற கோவாக் குருவை. 1836இல் கோவாவில் வேர்ணா என்ற ஊரில் பிறந்தவர், பத்திரிகை நடத்தியவர். போர்த்துக்கேய ஆட்சியையும் கோவாவின் திருச்சபை அதிகாரிகளையும் ஒருசேரக் கண்டித்து எழுதியதால் இரு பக்கத்துக்கும் வேண்டாதவரானார். 1889 யூலை 28ஆம் திகதி, அந்தியோக்கியப் பிதாப்பிதா 3ஆம் பேதுருவின் சம்மதத்தோடு, மலங்கரை சிரியன் ஆயர்கள் கோட்டயத்தில் அவரை ஆயராக அபிஷேகம் செய்து மார் யூலியஸ் என்று பெயரிட்டார்கள்.

சிரியன் ஓர்த்தடொக்ஸ் திருச்சபையும் நாமும் பிரிந்தது 451ஆம் ஆண்டின் கல்கெதோன் சங்கத்தை ஒட்டி. கிறிஸ்துவின் தேவ சுபாவம், மனித சுபாவம் பற்றிய வாக்குவாதத்தில். புதுக்கடை மக்கள் கல்கெதோனைப் பற்றி யோசித்திருப்பார்களா? அவர்களுக்கு விசுவாசத்தில் எந்தச் சந்தேகமும் எழுந்ததில்லை. விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மறுக்கவில்லை. ஆட்சியில் ஏற்பட்ட பிணக்குக்கு மருந்து தேடிப்போய், பதினான்கு நூற்றாண்டுப் பழமை வாய்ந்த வேறொரு பிணக்கின் மறுகரையில் நின்றார்கள்.

கேள்வியின் முடிச்சு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய்யை விசுவசிக்கும்படி ஒருவனைக் கட்டாயப்படுத்தினால் அவன் மனச்சாட்சி மறுத்தே ஆகவேண்டும். அப்படி மறுத்து இரத்தம் சிந்தியவர்களை நாம் வேதசாட்சிகள் என்கிறோம். ஆனால் தன்னை மரியாதையின்றி நடத்தினார்கள், தன் குருவை மாற்றினார்கள், தன்னைக் கேட்கவில்லை என்ற குறைகள் எவ்வளவு உண்மையானவையாக இருந்தாலும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை முறையிடும் உரிமையைத் தருகின்றன. பிடிவாதமாக, வருடக்கணக்கில், கசப்போடுகூட முறையிடும் உரிமையைத் தருகின்றன. ஒரே பீடத்தில் பங்குபெறுவதை விட்டுவிடும் உரிமையைத் தருகின்றனவா? தருவதில்லை என்பதே என் எண்ணம். ‘நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று கொரிந்து நகரத்தார் பிரிந்து நின்றபோது அப்போஸ்தலர் அவர்களில் எந்தப் பகுதிக்கும் வெற்றி கொடுக்கவில்லை. தமக்கு ஆதரவான பகுதியைக்கூட அவர் மெச்சவில்லை.

இதைச் சொல்வது எளிது, அநீதியை அனுபவித்தவனுக்குச் செய்வது கடினம் என்பீர்கள். உண்மை. ஆனால் செய்தவர் ஒருவர் இருந்தார். இலங்கைக்கு வருமுன் யோசேவாஸ் அடிகளார் 1681 முதல் சில வருடம் கன்னட தேசத்துக் கடற்கரையில் பணிபுரிந்தார். பதுருவாதோவுக்கும் உரோமைப் பேராயத்துக்கும் இடையிலான இதே தகராறு அங்கே கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கோவாவால் அனுப்பப்பட்டவர் இவர். அங்கே உரோமையின் பிரதிநிதியாக இருந்தவர் தோமஸ் தெ காஸ்திரோ ஆண்டகை. இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்க, யோசேவாஸ் தம் தரப்பின் வழக்கறிஞராகக் கிளம்பவில்லை. சமாதானம் செய்யப் பார்த்தார். மக்களுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் தடைப்படாதிருக்க வழி தேடினார். தகராறு அவரால் தீரவில்லை. அவர் கோவாவுக்குத் திரும்பி, பின்பு இலங்கைக்குப் புறப்பட்டார்.

புதுக்கடைக்கு வந்த அந்நியர்

பிரிந்தபின் நடந்தவற்றில் ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1891இல் அமெரிக்காவிலிருந்து யோசேப் றெனே விலாத் என்ற குரு கொழும்பு வந்து சேர்ந்தார். பாரிசில் பிறந்தவர், உரோமையை விட்டுப்போன ‘பழைய கத்தோலிக்கர்’ சபையில் குருத்துவம் பெற்றவர், விஸ்கொன்சின் மாநிலத்தில் பெல்ஜியக் குடியேறிகளிடையே பணிசெய்தவர். ஆயராக வேண்டும் என்ற ஆவல் அவருக்கு. அந்தியோக்கியப் பிதாப்பிதாவின் அனுமதி கிடைத்தது. 1892 மே 29ஆம் திகதி புதுக்கடை நல்மரண மாதா ஆலயத்தில் மார் யூலியசும், மலையாள நாட்டிலிருந்து வந்த மார் அத்தனாசியுசும் மார் கிரெகோரியுசும் அவரை அபிஷேகம் செய்தார்கள். இந்த மார் கிரெகோரியுஸ்தான் பருமலைத் திருமேனி என்று கேரள ஓர்த்தடொக்ஸ் மக்கள் இன்றும் கைகூப்பும் மகான். 1947இல் அந்தச் சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அன்று கொழும்பிலிருந்த அமெரிக்கக் கொன்சலும் சடங்குக்கு வந்திருந்தார். இரண்டு மாதங்களில், அதே வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி, பொஞ்ஜீன் ஆண்டகை காலமானார். அவருடைய கடைசி நாட்களில் இச்செய்தி அவர் மனத்தை எவ்வளவு வருத்தியிருக்கும்!

விலாத் அமெரிக்கா திரும்பியபின் பலருக்கு ஆயர் பட்டம் கொடுத்தார். அவர்கள் வேறு பலருக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்களில்லாத ஆயர்களும் பங்குகளில்லாத பேராயர்களும் பெருகினார்கள். அவர்களில் அநேகர் தங்கள் அப்போஸ்தலிக்க வாரிசுரிமைக்கு ஆதாரம் காட்டுவது கொழும்புப் புதுக்கடையில் நடந்த அந்த ஒருநாள் சடங்கை. 1938இல் அந்தியோக்கியப் பிதாப்பிதாவின் ஆட்சிபீடமே விலாத்தின் வழிவந்தவர்களைத் தன்னைச் சேர்ந்தவர்களல்லர் என்று கைகழுவிவிட்டது. விலாத்தோ 1925இல் உரோமைத் திருச்சபையோடு ஒப்புரவாகி, 1929இல் பிரான்சில் இறந்தார்.

புதுக்கடை மக்கள் முறையிட்டது என்ன? யாரோ அந்நியர் தங்கள் பீடத்தின் தலைவிதியைத் தீர்மானித்தார்கள் என்பது. பிரிந்து நான்கே வருடத்தில் அவர்களுடைய பீடம் வேறோர் அந்நியரின் தேவைக்குப் பயன்பட்டது. அவர்கள் கேட்டவை கோவைக் குருக்களும் பழைய வழக்கமும் தங்கள் வார்த்தைக்கு ஒரு மதிப்பும். பெற்றது உலகமெங்கும் போகும் ஓர் ஆயர் வரிசையின் தொடக்கப் புள்ளி என்ற பெயர். இலங்கையில் அந்தச் சபை நிலைக்கவில்லை. இருந்த காலத்தில் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு கோவிலுக்கும் தம்பி இன்னொரு கோவிலுக்கும் போயிருப்பார்கள். தங்கையின் கலியாணத்துக்கு யார் போவது, தகப்பனின் பிரேதத்தை எந்தச் சவக்காலையில் வைப்பது என்ற வழக்குகள் வந்திருக்கும். பிரிவினையின் கணக்கை உரோமையிலும் கோட்டயத்திலும் எழுதிக்கொள்ளலாம். அதன் செலவைக் கொடுப்பது ஒவ்வொரு வீடும்.

ஆனாலும் கடவுள் இந்தக் கோணல் வரியிலும் எதையோ எழுதினார் என்று சொல்லத் தோன்றுகிறது. விலாத் 1921இல் சிக்காகோவில் ஆயராக்கியவர்களுள் ஜோர்ஜ் அலெக்சாண்டர் மக்குவயர் என்பவர் ஒருவர். மேற்கிந்தியத் தீவான அன்டிகுவாவில் பிறந்த கறுப்பினத்தவர். வெள்ளையர் நடத்திய சபைகளில் தம் மக்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்று அவர் ஆபிரிக்க ஓர்த்தடொக்ஸ் திருச்சபையை நிறுவினார். அந்த அலை தென்னாபிரிக்காவையும் உகண்டாவையும் கென்யாவையும் தொட்டது. உகண்டாவில் அதைப் பின்பற்றியவர்கள் 1946இல் அலெக்சாந்திரியாவின் புராதன ஓர்த்தடொக்ஸ் பிதாப்பிதாவோடு இணைந்தார்கள். கோவாக்காரரின் மனக்குறையும் ஆபிரிக்கரின் மனக்குறையும் ஒன்றுதான்: எங்களை எப்போது வளர்ந்தவர்களாக நடத்துவீர்கள்?

அந்தக் கேள்விக்கு நம் திருச்சபை விடையளிக்கத் தாமதித்தது. தூத்துக்குடி மறைமாவட்டம் ஏற்படுத்தப்பட்டு இந்தியரான ரோச் ஆண்டகையிடம் ஒப்படைக்கப்பட்டது 1923இல். தோமஸ் கூரே ஆண்டகை கொழும்புப் பேராயரானது 1947இல். எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை யாழ்ப்பாண ஆயரானது 1950இல். இவை ஐம்பது வருடம் முந்தி வந்திருந்தால் புதுக்கடையின் கதை வேறாக இருந்திருக்குமோ என்னவோ.

உலகில் இன்றும் இதே வழக்கு நடக்கிறது. கருங்கடல் ஓரத்தில் ஜோர்ஜியாவுக்கும் அதிலிருந்து பிரிந்த அப்காசியாவுக்கும் 1992, 1993இல் யுத்தம் நடந்தது. 2009இல் அப்காசியக் குருக்கள் தாங்கள் இனி ஜோர்ஜிய ஓர்த்தடொக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்களல்லர் என்று அறிவித்தார்கள். உலகின் எந்த ஓர்த்தடொக்ஸ் திருச்சபையும் அதை ஏற்கவில்லை. இரண்டு வருடத்தில், 2011இல், பிரிந்தவர்களுக்குள்ளேயே ஒரு பகுதியினர் தனியே பிரிந்தார்கள். பிரிவு ஒருமுறை வழக்கமாகிவிட்டால் நிற்க இடம் தெரியாது. மசிடோனியாவிலோ 1967இல் சேர்பியத் திருச்சபையிலிருந்து தாங்களாகவே பிரிந்தவர்கள், 2022இல் அதே சேர்பியத் திருச்சபையின் சம்மதத்தோடு சகோதர சபையாக ஏற்கப்பட்டார்கள். ஐம்பத்தைந்து வருடம் பிடித்தது. ஆனால் பேச்சு அறவே நின்றுபோகவில்லை. கேட்கும் காது மேலே இருந்தால் கீழே கோபம் தணிய வழியுண்டு.

ஆகவே, பிரிந்தவர் செய்தது தவறு என்று சொல்பவன் அதே மூச்சில், பிரியவிட்டவரும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லக் கடமைப்பட்டவன். இரண்டாவது வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றி வெளியிட்ட ஏடு இதைத் துணிவோடு ஒப்புக்கொண்டது. பிரிவினைகளில் குற்றம் பலமுறை இரு தரப்பிலும் உண்டு என்றும், பிரிந்த சபைகளில் பிறந்து வளர்ந்தவர்கள் மேல் பிரிவினைப் பாவத்தைச் சுமத்தலாகாது என்றும் அது போதிக்கிறது. தேவதிரவிய அனுமானங்கள் பற்றிய படிப்பினை இன்னும் பழையது. வட ஆபிரிக்காவில் தொனாத்திஸ்தர் பிரிந்து நின்ற காலத்தில் புனித அகுஸ்தீனார், பிரிந்தவர் கொடுக்கும் ஞானஸ்நானமும் கிறிஸ்துவின் ஞானஸ்நானமே என்று வாதாடினார். சிரியன் ஓர்த்தடொக்ஸ் திருச்சபையின் குருத்துவம் மெய்யானது என்பதை உரோமை மறுத்ததில்லை.

அல்வாரெசின் முடிவு

மார் யூலியசைப்பற்றி இன்னும் சில வார்த்தை. ஆயர் பட்டத்துக்காக அலைந்த மனிதர் என்று அவரைத் தள்ளிவிட நினைப்பவர்களுக்கு அவருடைய பிற்காலம் இடறலாக இருக்கும். அவர் கோவாவில் வறியவரோடும் தொழுநோயாளரோடும் வாழ்ந்தார். ஆயர் உடையில் நடமாடியதற்காகக் கைதும் செய்யப்பட்டார். 1896இல் வாந்திபேதி நோய்க்குச் சிகிச்சை செய்யும் முறைபற்றிச் சிறு நூல் வெளியிட்டார். ஏழைகளின் பசிக்கு உதவும் என்று மரவள்ளிச் செய்கையைப்பற்றியும் எழுதினார். 1923 செப்டெம்பர் 23ஆம் திகதி, ரிபந்தார் வைத்தியசாலையில் வயிற்றுளைவு நோயால் இறந்தார். உரோமைத் திருச்சபையோடு அவர் ஒப்புரவாகவில்லை. பஞ்சிம் நகரசபை மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டிருந்தபோது பெருந்திரளாக வந்து அழுதவர்கள் பிச்சைக்காரரும் ஏழைகளும். கத்தோலிக்கச் சடங்கு எதுவுமின்றிச் சாந்த இனேஸ் சவக்காலையின் ஒரு மூலையில் அவரை அடக்கினார்கள்.

இவரை எந்தத் தட்டில் வைப்பது? பிரிவை விட்டுவிட்டு மனிதரை மட்டும் மெச்சினால் அவரை ஏமாற்றுகிறோம். அவர் தம் பிரிவைத் தம் மனச்சாட்சியின் காரியமாகவே கடைசிவரை கருதினார். மனிதரை மறந்து பிரிவை மட்டும் கண்டித்தால் அந்தப் பிச்சைக்காரரின் கண்ணீருக்கு விடை சொல்லவேண்டிவரும். அவர் செய்த தெரிவு தவறென்று நான் நினைக்கிறேன். அவரைப்போன்ற ஒருவரைத் தன்னுள் வைத்துக்கொள்ளத் தெரியாதிருந்தது அக்காலத்து அதிகாரிகளின் தவறென்றும் நினைக்கிறேன். இரண்டாவதைச் சொன்னதால் முதலாவது பொய்யாகிவிடாது.

அவர் தொடங்கிய சபையில் எஞ்சியவர்கள் கர்நாடகக் கரையில் பிரம்மாவர் பகுதியில் இருக்கிறார்கள். யோசேவாஸ் அடிகளார் சமாதானம் தேடி நடந்த அதே கன்னட தேசம். றோக் செபிரின் நொரோஞ்ஞா என்ற குரு 1936இல் இறக்கும்வரை அங்கே அவர்களைக் கட்டிக்காத்தார். மலங்கரை ஓர்த்தடொக்ஸ் திருச்சபையைச் சேர்ந்த அவர்கள் இன்றும் கொங்கணி மொழியில் இலத்தீன் முறைப்படி வழிபடுகிறார்கள். 2010இல் பிரம்மாவர் ஒரு மறைமாவட்டமாயிற்று.

அந்தியோக்கியாவுக்கும் உரோமைக்கும் இடையிலோ காலம் வேறு திசையில் ஓடியது. 1971இல் 6ஆம் சின்னப்பரும் பிதாப்பிதா 3ஆம் யாக்கோபும் சந்தித்து, கல்கெதோனை ஒட்டிய பழைய வாக்குவாதம் பெரும்பாலும் சொற்களின் வேறுபாடே என்ற கருத்துக்கு வந்தார்கள். 1984இல் 2ஆம் யோவான் சின்னப்பரும் பிதாப்பிதா சக்காவும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள்: தம் குருவை நாட முடியாத அவசரத்தில், ஒரு சபையின் விசுவாசி மற்றச் சபைக் குருவிடம் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் நோயில்பூசுதலும் கேட்டுப் பெறலாம் என்று உடன்பட்டார்கள். அந்த ஏட்டின் திகதி யூன் 23. புதுக்கடை மக்களைப் பிரித்த உடன்படிக்கை கையெழுத்தான அதே நாள், தொண்ணூற்றெட்டு வருடத்துக்குப் பின்.

புனித சவேரியாரின் திருவுடலைத் தரிசிக்கக் கோவா போகும் யாத்திரிகர் பஞ்சிமிலிருந்து பழைய கோவாவுக்கு ஆற்றோரப் பழைய வீதியில் போனால் ரிபந்தாரைக் கடப்பார்கள். அங்குள்ள ஓர்த்தடொக்ஸ் மாதா ஆலயத்துக்கு 1979இல் அல்வாரெசின் எலும்புகள் கொண்டுவரப்பட்டன; அங்கேதான் இருக்கின்றன. வாகனத்தை நிறுத்தி, அந்த ஆன்மாவுக்காக ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லிவிட்டுப் போகக் கத்தோலிக்கருக்குத் தடை ஏதும் இல்லை.